மக்கர் பண்ணிய டிரைவ்

"மறுபடியும் முதல்லேர்ந்து படிக்கணுமா? என்னங்க, விளையாடறீங்களா?"

மனைவி போட்ட சத்தத்தில் கணவர் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார்.

"நான் என்ன பண்றது? எழுதிக்கிட்டே வந்துச்சு. கடைசியில எர்ரர்னு சொல்லித் துப்பிடுச்சு."

கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவ், பழிப்புக் காட்டுவதுபோல் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நாக்கின் மேல் டிஸ்க்.

"டிரைவும் உங்களை மாதிரியே வாய்ச்சிருக்கு. எதைக் கொடுத்தாலும் வாங்கி வெச்சுக்கும். வேலைன்னு சொன்னா மட்டும் கையை விரிச்சுடும்."

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்ல ஆள் எடுக்கிறார்கள். மாதிரி அறிவிப்பைப் பேசிப் பதிந்து, இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்க வேண்டும். அதுவும் அழித்து அழித்து எழுதுகிற ரீரைட்டபிள் டிஸ்க்கில்தான் வேண்டுமாம். கேட்டு முடித்ததும் அழித்துவிட்டு அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, இப்போதுதான் ஒரு வேலையின் மேல் ஆசை வந்திருந்தது. ஆசை ஒரு பங்கு என்றால் பயம் ஒன்பது பங்கு.

காலையிலேயே கணவரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இத பாருங்க, அது சரியில்லை, இது சரியில்லைன்னு ஒரு நொட்டை சொன்னாலும் போதும். பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

முதல் தடவை படித்தபோது கையில் பேப்பர் ஆடியது. குரல் அதைவிட ஆடியது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதற்குள் இரண்டு முறை எச்சில் விழுங்கினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"அதுக்கென்ன, நல்லாத்தானே இருந்துச்சு" என்றபடி அவர் டிஸ்க்கைச் செருகினார். அப்போது வந்ததுதான் இந்த எர்ரர்.

"டிஸ்க்ல தூசி" என்றார். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, வலிக்காமல் துடைத்தார். "ம், படி."

படித்தாள். இந்த முறை பேப்பர் மட்டும்தான் ஆடியது.

"அடடா, மறுபடி எர்ரர். பழசு ஏதோ மிச்சம் இருக்கு போல. முழுசா அழிச்சுட்டுத்தான் எழுதணும்."

"அப்பவே அழிச்சீங்களே?"

"அது சும்மா மேலோட்டமா அழிச்சது."

"உங்கம்மா மனசுல இருக்கிற பழசு மாதிரி, எத்தனை தடவை அழிச்சாலும் போகாதோ?"

அவர் அழிக்கும் பட்டனைத் தட்டினார். பேச்சை வளர்த்தால் பொழுது போய்விடும் என்று தெரியும்.

அழித்தாகிவிட்டது. படித்தாள். மறுபடியும் எர்ரர்.

"வேகத்தைக் குறைச்சு வெச்சாத்தான் எழுதும்."

"உங்களைவிட மெதுவா ஒண்ணு எழுத முடியுமா என்ன?"

வேகத்தைக் குறைத்தார். படித்தாள். ஊகூம். வேறு டிஸ்க்கைப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "பேசினதெல்லாம் போச்சும்மா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார்.

அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. மணியைப் பார்த்தாள். பேப்பரை மேசை மேல் வீசினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பது மைக் என்பதையே மறந்து, டிரைவைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது மேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து, அரை மணி நேரம் தாமதமாகப் புறப்படும். யாரும் பதற்றப்பட வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு எழுத்து நழுவவில்லை. தெருவில் போனவர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கணவர் பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"ஏறிடுச்சு!"

"இப்பவாவது புத்தி வந்துச்சே அதுக்கு!" என்று டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அலுவலகத்தில் மேலாளர் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த அறைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

"இந்தம்மா சொன்னா, சண்டைக்கு வர்றவன்கூட வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துடுவான்" என்றார் அவர்.

"எங்கேம்மா பயிற்சி எடுத்தீங்க? அடுத்த வாரமே வேலைக்கு வந்துடுங்க" என்றார் மேலாளர்.

வீட்டுக்கு அவள் நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். சேதி கேட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவள் அவள். அப்போதுதான் கடையிலிருந்து திரும்பியிருந்தாள்.

"கலக்கிட்டீங்க அண்ணி!"

"எல்லாம் சரி. ஆனா உங்க அண்ணன் வெச்சிருக்காரே ஒரு டிரைவ், அதை முதல்ல கழட்டிக் குப்பையில போடு. டிஸ்க்ல எழுத மாட்டேன்னு ஒரே அடம். ஒவ்வொரு தடவையும் என்னை முதல்லேர்ந்து பேச வெச்சு, தொண்டைத் தண்ணியே வத்திப் போச்சு."

நாத்தனார் புரியாமல் பார்த்தாள்.

"டிஸ்க்ல ஏறலைன்னா நீங்க எதுக்கு அண்ணி மறுபடி பேசணும்? ஒரு தடவை பேசினாப் போதும், அது கம்ப்யூட்டருக்குள்ளேயே பத்திரமா இருக்குமே. அதையே எத்தனை தடவை வேணாலும் டிஸ்க்ல எழுதிக்கலாமே!"

அவள் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, நன்றாக இருந்த ஒயரைப் பிடுங்கி மும்முரமாக மறுபடி செருகிக்கொண்டிருந்தார்.