தழும்புக்கு அப்பால்

மீன்கத்தி வெட்டிய நரம்பைச் சூசையம்மாளின் முன்கையில் தைத்து மூன்று மாதம் ஆகிறது. இறந்துபோன நரம்பு இழைகளின் உறைகள் விரல்வரை வெறும் குழாய்களாகக் காத்திருக்கின்றன. தையலில் தழும்பு தடித்துவிட்டால் புது இழை அவற்றுக்குள் நுழைய முடியாது. இன்றும் தழும்புக்கு அப்பால் தட்டி உணர்வு தெரியாவிட்டால் மறுபடி கீற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிசியோதெரபி செய்யும் தமயந்தி அவளைக் கண்களை மூடச் சொன்னாள். கையைத் தொடாமலே கேட்டாள்.

"தெரியுதாக்கா?"

"நல்லாத் தெரியுதும்மா."

"நான் இன்னும் தட்டவே இல்லையே."

"நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுருவியேன்னுதான். போன வாரமும் அப்படித்தான் சொன்னேன்."

தமயந்தி சிரிக்கவில்லை. தழும்பைத் தாண்டி, இரண்டு விரற்கடை தள்ளிச் சுண்டினாள்.

"ஏட்டி, நாசமாப் போறவளே! கரண்டு வச்சியா?" சூசையம்மாள் துள்ளி எழுந்தாள். "விரல் வரைக்கும் பாயுதுட்டி!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்தி அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

சூசையம்மாள் மறுபடி உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இன்னொருக்கா வையி. பலமா வையி."