காயும் வரை

"தண்ணியில கலக்குற பெயிண்ட்டா? கண்ணைக் கட்டிக்கிட்டே அடிப்பேன் அக்கா" என்று பட்டறை முதலாளியம்மாவிடம் பீற்றிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவன், ஆயுளில் தின்னர் கலக்கும் பெயிண்ட்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

இப்போது பெயிண்ட் அறைக்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. காரின் பானெட்டில் அவன் அடித்தது கருநீலம். ஆனால் பால் சிந்தியதுபோல் வெளிறிக் கிடந்தது.

'கொஞ்சம் தின்னர் ஊத்தினா சரியாயிடும்.'

தின்னர் டப்பா வெளியே இருந்தது. கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஃபேன் இரைச்சல்தான் பதில் சொன்னது.

நாலு மணிக்கு வண்டிக்காரர் வந்துவிடுவார். வேலை போயே போச்சு. தலையில் கைவைத்து மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். ஈரம் காயக் காய வெளிறல் மறைந்து, அசல் கருநீலம் தானாக வந்து நின்றது!

கதவும் திறந்தது. முதலாளியம்மா வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"பிரமாதம்டா! எப்படிக் கத்துக்கிட்டே?"

"எல்லாம் அனுபவம்தான் அக்கா. இதுக்குப் பொறுமை முக்கியம்."

"ஆமாமா, நீ கதவை இடிச்ச பொறுமையைத்தான் கண்ணாடி வழியா பார்த்தேனே!"

அவர் கையில் ஒரு ஸ்பேனர். இவ்வளவு நேரம் வெளித் தாழ்ப்பாளில் செருகியிருந்தது அதுதான்.

"உனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் காயுறதுக்குள்ள தின்னர் எடுக்க ஓடி வந்து, இதுல ஊத்தித்தான் வண்டியைக் கெடுத்தாங்க. சரி, அடுத்த வண்டி ரெடி. நீயா சும்மா இருப்பியா, பூட்டட்டுமா?"

அவன் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தான்.

"பூட்டிடுங்க அக்கா."