இரண்டு பென்னி மாவு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன். நம்பாதவர்கள் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கே போய் அங்கே இருப்பவர்களை விசாரித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். கூட்டுறவுக் கடையில் கெசியா ஆஷ்வொர்த் வெண்ணெய் வெட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் நாங்களே தோளில் சுமந்து போய் அடக்கம் செய்த ஈனாக், மூன்றாவது சனிக்கிழமையாக உள்ளே வந்தார்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கம்பளித் துணி. நாங்களே நெய்து, நாங்களே சவத்துக்குச் சுற்றுகிற அதே துணி. முகம் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கட்டைச் செருப்புகள் தடதடக்க ஓடினார்கள். நான் வெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்தேன். பயத்தில் இல்லை, பீப்பாயின் அடிவளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

உருவம் வழக்கம்போல மாவு மூட்டையைக் காட்டி, இரண்டு பென்னிக் காசுகளை மேடைமேல் வைத்தது. எங்கள் கடையில் கடன் கிடையாது. அந்த விதியைக் கொண்டுவந்தவரே ஈனாக்தான் என்பதால், செத்தும் ரொக்கமாகத் தருகிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. சவப்பெட்டியை மூடும்போது அவர் இமைகளின் மேல் வைத்த காசுகள்தான் அவை என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். காசு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கிறது என்றாள் கெசியா. டிசம்பரில் எந்தக் காசுதான் சுடும் என்று நான் ஆறுதல் சொல்லியிருந்தேன்.

ராச்டேல் ஊர் நெசவாளர்கள் காசு சேர்த்துத் தங்களுக்கென்று கடை வைத்ததைப் பார்த்து, நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பித்த கடை அது. அதற்குமுன் ஆலை முதலாளியின் கடைதான் கதி. அதை நடத்திய ஜாபெஸ் கிரிம்ஷா, மாவில் படிகாரமும் சுண்ணாம்புத் தூளும் கலப்பார். ரொட்டி பார்க்கப் பளிச்சென்று இருக்கும்; வயிற்றுக்குள் போய்ச் செங்கல்லாக உட்காரும். கெசியாவின் மகள் அதைத் தின்றே எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் கிடந்தவள். எங்கள் கடையின் பழுப்பு மாவு வந்த பிறகுதான் நடந்தாள்.

இப்போது பேய்க்குப் பயந்து பாதிப்பேர் ஆலைக் கடைக்கே திரும்பிவிட்டார்கள். கடையை மூடுவதா வேண்டாமா என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதாக இருந்தது. மூடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கெசியா மாவை நிறுத்தாள். பேய்தானே என்று ஒரு பிடி குறைக்கவில்லை. ஆனால் பொட்டலத்தைக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, செத்தவங்களுக்கு எதுக்கு மாவு? நீங்க வந்து வந்து கடையே மூடப்போகுது. எம்பொண்ணு மறுபடியும் படுத்துருவா. இனிமே வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உருவம் பொட்டலத்துக்குக் கை நீட்டியது. பிறகு துணிக்குள்ளிருந்து ஒரு குரல், கிணற்றடியிலிருந்து வருவதுபோல.

"மூடிறாத, கெசியா. மூடிட்டா எம்புள்ளைங்க எதைத் தின்னும்? என் கடை மாவையா?"

ஈனாக்குக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணமே ஆகவில்லை. கெசியா எட்டித் துணியை விலக்கினாள். வெளுத்த முகத்தோடு நின்றவர் ஜாபெஸ் கிரிம்ஷா. அவள் திகைத்து நின்றபோதே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார்.

அதன்பிறகு அவள் சிரித்த சிரிப்பில் நான் பீப்பாயை விட்டு எழுந்தேன். மார்ச்சளிக்காகக் கடலோர ஊருக்குப் போயிருக்கிறார், அதுவரை மனைவிதான் கடையைப் பார்க்கிறாள் என்று கிரிம்ஷா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது நாடகம் என்று புரிந்துபோயிற்று. ஊருக்குச் சுண்ணாம்பை விற்கிறவர், தன் வீட்டுக்கு மட்டும் பேய்வேஷம் கட்டி நல்ல மாவு வாங்குகிறார். கூட்டம்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றாள் கெசியா. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து என் வீட்டில் வைத்தியருக்கு ஆள் அனுப்பினார்கள்.

கடையிலேயே கூடிய திங்கட்கிழமைக் கூட்டத்தில் கெசியா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். கூரை அதிரச் சிரித்தார்கள். ஆலைக் கடைக்காரரே ஒளிந்து வந்து வாங்குகிற மாவு என்ற பிறகு, மூடச்சொல்லி ஒரு கைகூட எழவில்லை. ஓடிப்போனவர்கள் அங்கேயே கூடையோடு வரிசை கட்டினார்கள்.

அவளுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. கிரிம்ஷாவை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டே ஆகவேண்டும் என்று, ஒரு பொட்டலம் மாவை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுப் பின்கதவைப் போய்த் தட்டினாள். துணைக்கு நானும் போனேன், சற்றுப் பின்னால்.

திறந்தது அவர் மனைவி. பொட்டலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசற்படியில் மாவு இருக்கிறதே, வைத்துவிட்டுப் போகிற மகராசி நீதானா என்று கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு இப்போதுதான் முகத்தில் ரத்தம் ஓடுகிறது என்றாள்.

"மகராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரர்தான் வந்து வாங்கிட்டுப் போறார். அவரைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆலை முதலாளிக்குத் தெரிஞ்சா கடையப் பிடுங்கிருவார்னு வெளிய சொல்லல, கெசியா. அவரை அந்தக் கடலோர ஊர்லயே அடக்கம் பண்ணி, மூணு வாரத்துக்கு மேல ஆச்சு."