காதாலே ஒரு ரிப்பேர்

"துப்பாக்கி சுட்ட மாதிரி வெடிக்குதுண்ணே! ரோட்டுல போறவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாங்க. நீங்கதான் காப்பாத்தணும்!"

போனில் பேசுவது யார் என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று வாரமாகக் கட்டிலே கதியென்று கிடக்கிற மனுஷனை, வண்டி சரியில்லை என்று ஒருத்தன் கூப்பிட்டதே பெரிய விஷயம்.

"என் நம்பர் எப்படிக் கிடைச்சுது, தம்பி?"

"வண்டியில ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சுண்ணே."

கை பட்ட வண்டியில் எல்லாம் தன் நம்பரை ஒட்டி அனுப்புவது அவர் வழக்கம். ஊரில் பாதி வண்டியில் அவர் நம்பர்தான். மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவள் உதட்டைச் சுழித்தாள்.

காலையில்தான் சண்டை. மூன்று தரம் கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லையாம். "இந்தக் காதை வெச்சுக்கிட்டு இன்ஜின் சத்தம் கேட்கப் போறீங்களாக்கும்! பேசாம ஷெட்டை மூடிட்டு வீட்டோட இருங்க" என்று அவளும் மகனும் சேர்ந்து தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஷெட்டை வாடகைக்குக் கேட்ட ஒருவருக்கு இடத்தைக் காட்ட மகன் இப்போதுதான் கிளம்பிப் போனான். ஷெட் இல்லாமல் மெக்கானிக் என்ன செய்வார்?

போனை ஸ்பீக்கரில் போட்டார். அவளும் கேட்கட்டும்!

"என்ன வண்டி?"

"பழைய பெட்ரோல் லாரிண்ணே."

"கிளப்பு, கேட்கிறேன்."

டுப்... டுப்... டமார்! மனைவி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"கறுப்புப் புகை வருதா?"

"இல்லண்ணே."

"அப்ப கார்புரேட்டர் மேல பழி இல்லை. சைலன்சர்ல ஓட்டைன்னா ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கும்போதுதான் வெடிக்கும். இது சும்மா நிக்கும்போதே வெடிக்குது. பானெட்டைத் திற."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம்தான் வந்தது. "எப்படித் திறக்கிறதுண்ணே?"

"நல்லா வந்து வாய்ச்சேப்பா! சொந்த வண்டியோட பானெட்டைத் திறக்கத் தெரியாதா?"

"இப்பத்தாண்ணே கைக்கு வந்துச்சு."

"கிரில்லுக்குள்ள கையை விடு. கொக்கி தட்டுப்படும்."

திறந்துவிட்டான்.

"ஆறு பிளக், ஆறு வயர். இன்ஜினை அணைச்சுட்டு ஒரு வயரைக் கழட்டு. அப்புறம் கிளப்பு. மறுபடி அணைச்சுட்டு, அதை மாட்டி அடுத்ததைக் கழட்டு. ஓடும்போது தொட்டே, தூக்கி அடிச்சிடும்!"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வயரைக் கழட்டியதும் இன்ஜின் இன்னும் சோர்ந்துபோனது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். இன்னொன்றைக் கழட்டியபோது சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"அதை ஞாபகம் வெச்சுக்கோ. அடுத்தது!"

ஆறையும் பார்த்து முடித்தபோது, கழட்டினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி இருந்தவை இரண்டே இரண்டுதான்.

"அந்த ரெண்டும் இடம் மாறியிருக்கு, தம்பி. இதோட இடத்துல அதை மாட்டு, அதோட இடத்துல இதை மாட்டு. எந்த மடையன் இப்படி மாட்டினான்?"

"யாரோ தெரியலண்ணே."

மறுபடி கிளப்பினான். வெடிச்சத்தம் போன இடம் தெரியவில்லை. இன்ஜின் சீராக உறுமியது.

"தெய்வம்ணே நீங்க! உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்!" பேரைக்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். நல்ல பையன், என்ன அவசரமோ!

மெக்கானிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணால பார்க்கல, கையால தொடல. இப்ப சொல்லு, யாருக்குக் காது மந்தம்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி, ஒத்துக்கிறேன். பாம்புக் காதுதான் உங்களுக்கு! ஷெட்டை மூட வேண்டாம். நானே பையன்கிட்டச் சொல்றேன்."

அவருக்குக் கண் கலங்கியது. அவள் பேசுவதற்குள் மகனே கூப்பிட்டான்.

"அப்பா! ஷெட் பூட்டை உடைச்சிருக்காங்க. நம்ம லாரியைக் காணோம்!"

"போடா! அதை எவனாலயும் ஓட்டிட்டுப் போக முடியாது" என்று சிரித்தார் மெக்கானிக். "ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாள், திருட்டுப் பயம் இருக்கக் கூடாதுன்னு நான்தானே அதுல ரெண்டு வயரை இடம் மாத்தி மாட்டி வெச்சேன்..." என்றவர், சட்டென்று கையிலிருந்த போனை வெறித்துப் பார்த்தார்.