சும்மா ஜாலிக்குத்தான்

பழைய கார்கள் மட்டும் ஓடும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் அது. கோப்பையும் கிடையாது, மாலையும் கிடையாது. இருந்தாலும் ஒரு தடவையாவது நீலக் காரான நீலனை முந்திவிட வேண்டும் என்று கறுப்புக் காரான கறுப்பனுக்கு உள்ளுக்குள் கொதித்தது. பாரம் குறையட்டும் என்று தன் டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை, யாரும் பார்க்காத நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிவிட்டு வந்து நின்றான்.

"ஜெயிச்சு என்னத்தக் கட்டிக்கப் போறோம் மாமா? சும்மா ஜாலிக்குத்தானே!" என்றான் நீலன், சாமியார் குரலில்.

"அதானே மாப்ள! இந்த வயசுல நமக்கென்ன போட்டி?" என்றான் கறுப்பன், அதைவிடப் பெரிய சாமியாராக.

கொடி அசைந்ததும் இரண்டு சாமியார்களும் புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். கடைசி வளைவில் கறுப்பனின் மூக்கு ஒரு சாண் முன்னால் போயேவிட்டது. அங்கே கிடந்த கூர்ங்கற்களில் இருவரும் உரசிக்கொண்டு திரும்ப, 'டப்' என்றது ஒரு டயர். 'டப்' என்றது இன்னொன்று.

"மாப்ள, உன் ஸ்டெப்னியக் கொஞ்சம் குடேன்."

"நானே உன்னக் கேக்கலாம்னு இருந்தேன் மாமா."

கொட்டகைக்குப் பின்னால், நிழலில், இரண்டு ஸ்டெப்னிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"உங்காளு உன்னை எதுக்கு இறக்கிவிட்டாரு?" என்று கேட்டது ஒரு ஸ்டெப்னி.

"சும்மா ஜாலிக்குத்தானாம்."