அச்சில் விழாத வீடு

வரைபடங்களைத் திறக்காமலே, அவற்றோடு இணைந்திருக்கும் கோப்புகளைத் தமயந்தியின் கணினி வரிசையாகக் காட்டியது. பாலம், மருத்துவமனை, சிறைச்சாலை என்று எல்லாவற்றிலும் ‘வீடு’ என்றொரு கோப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த அலுவலகத்தில் அவற்றையெல்லாம் வரைந்து, போன மாதம் செத்துப்போன பிலவேந்திரன் இணைத்தது. கடைசிவரை சொந்த வீடில்லாமல் மேன்ஷன் வாடகை அறையில் கிடந்த ஆள்.

“வேண்டாத ஃபைலும்மா. அழிச்சிடு” என்றார் மேலாளர்.

“ஒரு தடவ தொறந்து பாத்துடறேன் சார்.”

“பாத்துட்டு குடியேறப் போறியா?”

அவள் சிறைச்சாலை வரைபடத்தைத் திறந்து, சிறை ஒரு புள்ளியாகும்வரை சுருக்கினாள். அச்செடுத்தால் தாளில் விழாத தொலைவில் சின்னதாக ஒரு வீடு இருந்தது. அடுப்படி, கட்டில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைந்திருந்தான். வாசல் மட்டும் வைக்கவில்லை.

“அழிச்சிட்டியா?”

“ஒரு கதவு வச்சிட்டு அழிக்கிறேன் சார்” என்றாள்.