பேஷண்ட் மேல் தப்பு

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி சம்மதக் கையெழுத்து வாங்கினீங்களா டாக்டர்?" என்று கேட்டார் வக்கீல் மதிவாணன்.

"இல்லை சார். வாயைத் திறங்கன்னேன், திறந்தார்" என்றாள் குந்தவை. திருவையாற்றில் பல் கிளினிக் வைத்திருப்பவள்.

"வாயைத் திறந்தா பல்லைப் பார்க்கத்தான் சம்மதம். பிடுங்கறதுக்கு இல்லை. சரி, என்ன மாத்திரை சாப்பிடறார்னாவது கேட்டீங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்னு நினைச்சு கேக்கலை. நெஞ்சு வலின்னு தஞ்சாவூர்ல காட்டி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டிருந்திருக்கார். தெரிஞ்சா நடவுக்குப் போகவிடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"கேக்காதது உங்க கவனக்குறைவு. உயிர் போனதுக்கு அவர் மகன் அனுப்பின நோட்டீஸ்ல அதைத்தான் பிடிச்சிருக்கார். ஆனா மறைச்சது பேஷண்ட் தப்பு. ராத்திரி ரத்தம் நிக்கலைன்னு தெரிஞ்சும் உங்களைக் கூப்பிடாததும் அவர் தப்பு. அப்படி வாதாடினா நீங்க தப்பிச்சுக்கலாம்."

மதிவாணன் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"கூப்பிட்டிருந்தா நீங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கோர்ட்டுல கேப்பாங்க."

"நேரமே ஆகியிருக்காது சார். அடுத்த ரூம்லதான் படுத்திருந்தேன்."

மதிவாணன் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப, நோட்டீஸ் அனுப்பினவர்..."

"என் அண்ணன்."

மதிவாணன் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவளே சொன்னாள்.

"நான் கதவைத் திறந்து வெச்சுட்டுத்தான் சார் படுத்தேன். காலையில சாத்தியிருந்துச்சு. நான் முழிச்சுக்கக் கூடாதுன்னு அப்பாதான் சாத்தியிருக்கார்."